ஒரு நிமிடம் முப்பத்து நான்கு செக்கன்

நார்த்மீட், சிட்னி
2025 நவம்பர் 3

அன்புள்ள வேதா,

இத்தனை காலத்துக்குப் பிறகு என் கையெழுத்தைக் கண்டு பயந்துவிட வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என்னைக் கட்டின பாவத்துக்கு யோகாவும் சுகமாக இருக்கிறா. நானும் சுகம், காது மட்டும் போய்விட்டது. முப்பது வருடமாக என்ஜினுக்குள் தலையைக் கொடுத்தவனுக்கு வேறு என்ன கிடைக்கும்? ஃபோனில் நீங்கள் எதைச் சொன்னாலும் எனக்கு இரைச்சல்தான். “வட்ஸ்அப்பில எழுதுங்கோவன்” என்கிறா யோகா. அதில் நீங்கள் வாசித்துவிட்டதற்கு அடையாளம் விழும், பதில் வராது, அதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் ஏலாது. ஆகவே பேனையை எடுத்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் பழைய ஆல்ஃபா காரைக் கொடுக்கப் போகிறேன். கை நடுங்குகிறது, காபரேட்டர் இரண்டையும் ஒன்றுக்கொன்று சமப்படுத்த இந்தக் காது உதவாது. ஹோம்புஷ்ஷில் இருக்கிற சுஜீதன் என்ற பொறியியலாளர் கேட்கிறார். நாற்பது வயது, மட்டக்களப்புக்காரர், மரியாதையானவர். வந்து பார்த்தார். முன்மூடியில் இருக்கிற அந்தச் சின்னப் படியைத் தடவிக்கொண்டே நின்றார். அறுபத்தேழாம் ஆண்டு ஜிடி வெலோசே, ஆயிரத்து அறுநூறு சிசி, நூற்றொன்பது குதிரைவலு, நான்கு சில்லுக்கும் டிஸ்க் பிரேக், ஐந்து கியர் என்று நான் சொல்லச் சொல்ல, மனுசன் சின்னப் பிள்ளைபோலத் தலையாட்டினார். இதே உடம்பை அலுமினியத்தில் செய்து ஜிடிஏ என்று பெயர் வைத்து அறுபத்தாறில் ஐரோப்பியக் கோப்பையை எடுத்த கதையையும் சொன்னேன். உங்களுக்கு இதெல்லாம் நூறு தரம் சொன்ன கதை.

எங்களுடைய பந்தயத்தைப் பற்றித்தான் அவருக்கு விளங்கவில்லை. “அங்கிள், முதல்ல வாறவருக்கு ஒண்டும் இல்லையோ? இதென்ன பந்தயம்?” என்றார். ஒவ்வொருவரும் ஒரு சுற்றை எத்தனை செக்கனில் முடிப்போம் என்று ஓடமுதலே பதிவு ஃபோமில் எழுதிக் கொடுக்க வேண்டும், காருக்குள் மணிக்கூடு கூடாது, எழுதிய நேரத்துக்குக் கிட்ட எல்லாச் சுற்றையும் ஓடுபவருக்கே பரிசு, பிந்தினால் ஒரு பங்கு தண்டனை, முந்தினால் இரண்டு பங்கு என்று விளக்கினேன். “அப்ப எப்பிடி அங்கிள் நேரம் தெரியும்?” என்றார். எங்களிட்டை ஒரு ஆள் இருந்தவ, அவவுக்குள்ளேயே மணிக்கூடு இருந்தது என்றேன். சுவர் இறாக்கையில் அடுக்கியிருக்கிற பதினொரு கோப்பையையும் காட்டினேன்.

ஏப்ரலில் வண்டி கைமாறும். அதற்கு முன் மார்ச்சில் பிலிப் தீவில் பழைய கார்களின் பந்தயம் இருக்கிறது. உங்களுக்கு அது கிட்டத்தானே? கடைசியாக ஒருமுறை நீங்கள் ஓடினால் என் மனம் ஆறும். வேறு யாரும் அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்கமுதல் நீங்கள் பிடிக்க வேண்டும். மாட்டேன் என்று உடனே எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஸ்ரீகாந்தன்


கிரெய்கிபர்ன், மெல்போர்ன்
2025 நவம்பர் 14

ஸ்ரீகாந்தன் சார்,

உடனே எழுதாதீர்கள் என்றீர்கள். பத்து நாள் பொறுத்துவிட்டேன். மாட்டேன்.

கோபத்தில் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை லெட்டர் பாக்ஸிலிருந்து எடுத்ததும் கார் நிறுத்துமிடத்திலேயே நின்று படித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் “எல்லாம் ஓகேவா?” என்று கேட்கும்வரை நின்றிருக்கிறேன். அந்த வண்டியைத் தொண்ணூற்றெட்டில் வின்ட்ஸரில் ஒரு கோழிக்கொட்டகையில் பார்த்தோமே, ஞாபகம் இருக்கா? பின்சீட்டில் முட்டை! நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு “இதையா வாங்கப் போறீங்க?” என்றேன். நீங்கள் முன்கண்ணாடியைத் துடைத்தீர்கள். ஓரத்தில் வார்விக் ஃபார்ம் பந்தயத்தின் பழைய ஸ்டிக்கர். அறுபதுகளின் கடைசியில் யாரோ ஒருவர் அதில் நிஜமாகவே பந்தயம் ஓட்டியிருக்கிறார் என்று தெரிந்ததும் உங்கள் முகம் போன போக்கு! அதை ஓட வைக்க மூன்று வருஷம் பிடித்தது. நான் டியூட்டி முடிந்து வந்து மண்ணெண்ணெயில் போல்ட் கழுவுவேன். யோகா புட்டும் சம்பலும் கொண்டு வந்து வைப்பாங்க. என் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக அழுக்கானதில்லை.

அந்த மணிக்கூடு கதையைச் சுஜீதனிடம் சொன்னீர்களாமே. அது அப்பா வைத்தது சார். சோழவரம் ரேஸுக்குப் போனால் என்னைத் தடுப்புக் கயிற்றோரம் நிறுத்தி, தன் எச்எம்டி வாட்சை மறைத்துக்கொண்டு, “அந்தச் சிவப்புக் காரு ஒரு ரவுண்டு எத்தனை செகண்டும்மா?” என்பார். எனக்கு எட்டு வயசு. மனசுக்குள் எண்ணிச் சொல்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். நர்ஸான பிறகு வாட்சே பார்க்காமல் நாடி பிடித்துச் சொல்வேன். வார்டில் டாக்டர்கள் பந்தயம் கட்டுவார்கள்.

அது ஓரன் பார்க் பந்தயத்தோடு போயிற்று. 2009 ஆகஸ்ட், அந்தச் சனிக்கிழமை. உங்களுக்கும் தெரியும், எதற்கு மறைக்க? என் ஆயுளில் அவ்வளவு நன்றாக ஓட்டியதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் வண்டியிலிருந்து இறங்கினேன். ஆறு சுற்றும் ஒரே அச்சாக வந்தது என்று உள்ளுக்குள் சத்தியம் பண்ணினேன். இருபத்துநாலு பேரில் இருபத்தோராவது இடம். “எல்லாச் சுற்றும் ஒரு செக்கன் வேகம்” என்றீர்கள். ஒரு சுற்று தப்பினால் பரவாயில்லை. ஆறும் தப்பியிருக்கு, எனக்குத் தெரியவே இல்லை என்றால் என்ன அர்த்தம்? அன்று மாலை டியூட்டிக்குப் போய் ஒரு பெரியவரின் நாடியைப் பிடித்தேன், சந்தேகம் வந்துவிட்டது. வாட்சைப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். போன வருஷம் ரிடையர் ஆகும்வரை ஒவ்வொரு நாடிக்கும் இரண்டு தடவை பார்த்தேன். கூட இருந்த சின்னப் பெண்கள் சிரிப்பார்கள்.

அதனால்தான் அடுத்த வருஷம் மெல்போர்னில் வேலை கிடைத்ததும் ஓடி வந்தேன். உங்கள் கராஜ் பக்கம் வந்தாலே அழுகை வந்தது. உங்களிடம் ஒழுங்காகச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

வண்டியைக் கொடுங்கள். நல்ல கைக்குப் போகட்டும். எனக்கு அதன் ஃபைலின் ஒரு நகல் மட்டும் அனுப்புங்கள். நம் முடிவுத் தாள்கள் எல்லாம் வேண்டும். சும்மா வைத்திருக்க.

வேதவல்லி


நார்த்மீட்
2025 நவம்பர் 28

அன்புள்ள வேதா,

கடிதம் கிடைத்தது. நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்க ஒன்றுமே இல்லை. தயவுசெய்து அப்படி எழுத வேண்டாம்.

நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன். வேக்ஃபீல்ட் பார்க்கில் முதல்முதல் ஓடியதிலிருந்து இருக்கிறது. அன்றைக்கு மழை, நீங்கள் மூன்றாவதாக வந்தீர்கள். “கண்ணாடி வைப்பர் வேலை செஞ்சிருந்தா முதல் இடம்” என்று என்னைத் திட்டினீர்கள். பழைய படங்களையும் போட்டிருக்கிறேன். ஒன்றில் நான் மீசையோடு இருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

வண்டிக்கு எண்ணெய் மாற்றினேன். இரண்டாவது கியர் சூடாகும்வரை இன்னும் முரண்டுதான் பிடிக்கிறது.

நாடி விஷயம் எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லவே இல்லையே வேதா. யோகா அந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தா. இன்னும் எழுத வேண்டும், இன்றைக்கு ஏலாமல் இருக்கிறது.

ஸ்ரீகாந்தன்


கிரெய்கிபர்ன்
2025 டிசம்பர் 9

ஸ்ரீகாந்தன் சார்,

படம் பார்த்தேன். மீசை பிரமாதம். சிரித்துவிட்டேன்.

தாள்களைத் தரையில் பரப்பி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஒன்று குறைகிறது. 2009 ஆகஸ்ட். நான் தோற்றதைப் பார்த்து வருத்தப்படுவேன் என்று எடுத்து வைத்துவிட்டீர்களா? உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியாதா என்ன. ஆனால் நான் என்ன குழந்தையா? அன்று ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று தாளைப் பார்க்காமலேயே ஓடினேன். இப்போது பார்க்கணும். ஒவ்வொரு சுற்றும் எத்தனை தப்பு என்று பார்த்துவிட்டால் மனசு அடங்கிவிடும். அனுப்பிவிடுங்கள்.

யோகாவுக்கு என் அன்பு.

வேதவல்லி


நார்த்மீட்
2025 டிசம்பர் 20

வேதா,

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கமுதல் இதை வாசியுங்கள். நான்கு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

அன்றைக்கு நீங்கள் ஃபோமில் எழுதியது ஒரு நிமிடம் முப்பத்து நான்கு செக்கன். என்னிடம் தந்து, “குடுத்துடுங்க சார், நான் ஹெல்மெட் எடுத்துட்டு வர்றேன்” என்றீர்கள். வரிசையில் நின்றுகொண்டு நான் அதைக் கூட்டிப் பார்த்தேன். ஒன்றும் மூன்றும் நாலும் எட்டு. எங்கள் கார் இலக்கம் பதினேழு, அதுவும் எட்டு. திகதி எட்டு, மாதம் எட்டு, சனிக்கிழமை வேறு. சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தேன். நான்கை ஐந்தாக்கினேன். கூட்டினால் ஒன்பது. அப்படியே கொடுத்துவிட்டேன்.

நீங்கள் சிரிப்பீர்கள், அல்லது காறித் துப்புவீர்கள். எண் பார்க்கிறவன் இல்லை நான், உங்களுக்கே தெரியும். ஆனால் அது 2009. மே மாதம் யுத்தம் முடிந்தபிறகும் என் தம்பி மயூரதனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வன்னியிலிருந்து கடைசியாக ஏப்ரலில் கதைத்தவன், “அண்ணை, பிறகு எடுக்கிறன்” என்று வைத்தவன்தான். நான் யாருக்கும் சொல்லவில்லை, யோகாவுக்கு மட்டும்தான் தெரியும். கராஜில் ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று தரம் இறுக்கினேன். கோயிலுக்குப் போனேன், அங்கே நிற்கப் பயமாக இருந்தது, திரும்பி வந்தேன். அந்த வரிசையில் நின்றபோது, இந்த எட்டுகளோடு இவவையும் அனுப்பிவிட்டு நான் எப்படி நிற்பேன் என்றுதான் நினைத்தேன். ஒரு செக்கன்தானே, அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஓடமுதல் உங்களிடம் சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள், நீங்கள் ஹெல்மெட் போட்டுவிட்டீர்கள், வண்டி போய்விட்டது.

பிறகு தாளைப் பார்த்தேன். நீங்களும் இப்போது பாருங்கள். ஆறு சுற்று. முப்பத்து நான்கு, முப்பத்து மூன்று புள்ளி ஒன்பது, முப்பத்து நான்கு, முப்பத்து நான்கு புள்ளி ஒன்று, முப்பத்து நான்கு, முப்பத்து நான்கு. மணிக்கூடு வைத்துக்கொண்டும் யாராலும் அப்படி ஓட ஏலாது. முதலாவதாக வந்தவர் உங்களுக்குக் கிட்டவும் இல்லை. நான் அந்த எழுத்தைத் தொடாமல் விட்டிருந்தால் அன்றைக்குக் கோப்பை உங்களுக்குத்தான்.

நீங்கள் வந்து “என்ன சார் ஆச்சு?” என்று கேட்டீர்கள். நான் “எல்லாச் சுற்றும் ஒரு செக்கன் வேகம்” என்றேன். பொய் இல்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்தான் வேதா. கழற்றி வைத்த ரயரில் குந்தியிருந்து நீங்கள் தலையைக் குனிந்தபோது சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லுவோம் என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். நாளை என்பது பிறகு வரவே இல்லை. நீங்கள் மெல்பேணுக்குப் போனது வேலைக்காக என்று நினைத்துக்கொண்டேன், அது எனக்கு வசதியாக இருந்தது. நாடி பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தபின்தான் அந்தத் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

மயூரதன் வரவில்லை. உங்களையும் நானே அனுப்பிவிட்டேன்.

என்னை மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஸ்ரீகாந்தன்


கிரெய்கிபர்ன்
2026 ஜனவரி 27

மிஸ்டர் ஸ்ரீகாந்தன்,

ஒரு மாதம் ஆயிற்று. இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் தாளைப் பார்த்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். எட்டு! கூட்டல்! எம்.எஸ்சி. படித்தவளை எட்டாங்கிளாஸ் பிள்ளையைப்போல ஒரு கூட்டலில் வைத்துச் சாய்த்துவிட்டீர்களே என்று சிரித்தேன். அப்புறம் அழுதேன். அப்புறம் கோபம் வந்தது, அது இன்னும் போகவில்லை. பொங்கலுக்குப் பானையைத் தீய விட்டேன். இவர்தான் காரணம் என்று உங்களைத் திட்டினேன். ஆளில்லாத வீட்டில் உங்களைத் திட்டுவது நன்றாகத்தான் இருந்தது.

நீங்கள் நேரத்தை மாற்றியதற்குக் கூட எனக்குக் கோபமில்லை. பயந்திருக்கிறீர்கள். பயந்தவர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று முப்பத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரியில் பார்த்தவள் நான். ஆனால் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? பதினோரு வருஷம் உங்கள் கராஜில் கிடந்தேனே, மூன்றாம் மனுஷியா நான்? “வேதா, எனக்குப் பயமாக இருக்கிறது, முப்பத்தைந்தில் ஓட்டுங்கள்” என்று சொல்லியிருந்தால் முப்பத்தைந்தில் ஓட்டியிருப்பேன். நாற்பதில் ஓட்டச் சொன்னாலும் ஓட்டியிருப்பேன். உங்கள் தம்பிக்காக அந்த மைதானத்தை நடந்தே சுற்றியிருப்பேன், சார்.

சொல்லாமல் என்ன செய்தீர்கள்? எனக்குள் இருந்த ஒன்றைக் கெட்டுப்போனது என்று நம்ப வைத்தீர்கள். நான் அதை எடுத்துப் பார்க்கவே இல்லை. நாற்பத்தாறு வயசில் மூடி வைத்தேன். இப்போது அறுபத்திரண்டு.

வண்டியை அனுப்புங்கள். மார்ச்சில் ஓட்டுகிறேன். மெடிக்கல் டெஸ்ட் முடித்துவிட்டேன், ரேஸ் லைசென்ஸுக்கும் போட்டுவிட்டேன். சுஜீதன் கொண்டு வரட்டும். நீங்கள் வர வேண்டாம்.

வேதவல்லி


நார்த்மீட்
2026 பிப்ரவரி 5

அன்புள்ள வேதா,

நான் வரமாட்டேன். சுஜீதன் ட்ரெயிலரில் கொண்டு வருவார்.

எண்ணெய் அழுத்தம் சூட்டில் கொஞ்சம் இறங்கும், பயப்பட வேண்டாம். சீட் உங்களுடைய அளவுக்கே இருக்கிறது, நான் ஒருநாளும் தள்ளவில்லை. இத்தனை வருடமும் முழங்காலை மடக்கிக்கொண்டுதான் ஓடினேன்.

அந்தத் தாளின் மூலத்தை வண்டியின் ஃபைலில் சேர்த்துவிட்டேன். அதன் குறுக்கே சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறேன்: “ஓட்டுநர் எழுதிய நேரம் 1.34. அவருக்குத் தெரியாமல் மாற்றியவன் நான்.” கீழே கையெழுத்தும் வைத்தேன். வண்டி எத்தனை கை மாறினாலும் அது கூடவே போகும். சுஜீதன் வாசித்துவிட்டு ஃபைலை மூடினார். பிறகு, “அங்கிள், நீங்கள் அவவோட கதைக்கிறனீங்களோ?” என்றார். ஓம், கடிதத்தில என்றேன்.

கவனமாக ஓடுங்கள். இதை நான் பயத்தில் சொல்லவில்லை. பயத்தில்தான் சொல்கிறேன்.

ஸ்ரீகாந்தன்


கிரெய்கிபர்ன்
2026 மார்ச் 17

ஸ்ரீகாந்தன் சார்,

ஓட்டினேன்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் வீட்டில் நகத்தைக் கடித்துக்கொண்டு இருப்பீர்கள். கதவைச் சாத்தியதும் அந்த வாசனை! பெட்ரோலும் பழைய தோலும், அடியில் எங்கேயோ இன்னும் கொஞ்சம் கோழியும். இரண்டாவது கியர் முரண்டு பிடித்தது, செல்லமே என்று கொஞ்சினேன், விழுந்தது. நேர்ப்பாதையில் இறங்கும்போது எதிரே கடல். ஆறாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் அந்த என்ஜின் பாடுகிறதே, அது உங்களுக்குக் கேட்காமல் போனதை நினைத்து ஹெல்மெட்டுக்குள் அழுதுவிட்டேன். நாலாவது சுற்றில் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் முந்திப் போன ஆள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

என்ன நேரம் எழுதிக் கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் கூட்டிப் பார்ப்பீர்கள்.

இறங்கியதும் நேராக முடிவுப் பலகைக்குப் போனேன். சுஜீதன் “நான் பார்த்துட்டு வாறன் அன்ரி” என்றார். வேண்டாம் என்றேன். விரலை வைத்து வரிசையாகத் தேடினேன். முதல் சுற்று மூன்று செகண்ட் அதிகம். அடுத்தது நாலு குறைவு. அப்புறம் இரண்டு அதிகம், மறுபடி குறைவு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. முப்பத்திரண்டு பேரில் இருபத்தொன்பதாவது இடம்.

அந்த மணிக்கூடு போய்விட்டது சார். நிஜமாகவே போய்விட்டது. ஓரன் பார்க்கில் அது இருந்தது, உங்கள் தாள் சொல்கிறது. அதற்குப் பிறகு எந்த வருஷம் போனது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஓட்டிக்கொண்டே இருந்திருந்தால் ஒருவேளை இருந்திருக்கும். இதை உங்களிடமிருந்து மறைக்கப் போவதில்லை. நீங்கள் தெரிந்துகொண்டுதான் ஆகணும்.

ஆனால் பலகை முன்னால் நின்றபோது இன்னொன்றும் தோன்றியது. என் பெயர், பக்கத்தில் நான் எழுதிய நேரம், அதற்குப் பக்கத்தில் நான் ஓட்டிய நேரம். எல்லாத் தப்பும் என் தப்பு. இருபத்தொன்பதாவது இடம் முழுக்க முழுக்க என்னுடையது. பதினாறு வருஷமாக இன்னொருவர் தோல்வியைச் சுமந்திருக்கிறேன். சொந்தத் தோல்வி எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா? சுஜீதனிடம் ஒரு சாக்லேட் ஐஸ்க்ரீம் வாங்கித் தரச் சொல்லிச் சாப்பிட்டேன்.

மன்னித்துவிட்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. பாதிதான் ஆகியிருக்கு. மீதியை முயற்சி பண்ணுகிறேன்.

வண்டியைத் தாராளமாகச் சுஜீதனுக்குக் கொடுங்கள். அவரிடம் பேசிவிட்டேன். மே மாதம் வின்டன் பந்தயத்தில் நான் ஓட்ட வேண்டும் என்றேன், “உங்கட சீற்றை நான் ஏன் தொடப்போறன்” என்றார். மூளை மழுங்கிப் போயிருக்கிறது, பழக வேண்டும். நீங்களும் யோகாவும் வாருங்கள், என் வீட்டில் தங்கலாம். மயூரதனைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது, சின்ன வயசிலிருந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். காது கேட்காதவரோடு கத்திப் பேச என்னால் முடியாது, உட்கார்ந்து படிக்கிறேன்.

ஃபாரத்தை உங்கள் முன்னால்தான் நிரப்புவேன். நான் எழுதும் எண் உங்களுக்குப் பயமாக இருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். மாற்றிக்கொள்கிறேன்.

வேதா